"இணையத்திற் கண்டது" என்பார் கூற்று மறுப்பு

அளவைகள் பலவென நூலோர் வகுத்தாராயினும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது சாத்திரங் கற்றார் நன்கறிந்தது. இம்மூன்றனுள் உரையளவை ஏனைய இரண்டினும் வேறாயதோர் இயல்புடைத்து. கண்ணாற் கண்டதற்குக் கண்ணே சான்று. புகை கண்டு நெருப்புண்டெனக் கருதியதற்குப் புகையே சான்று. உரைக்கோ உரைத்தவனே சான்று. உரைத்தவன் யாவன், அவன் அப்பொருளை அறிந்தவனா, அறிந்தவாறே உரைப்பவனா என ஆராய்ந்தன்றி அவனுரையை அளவையாகக் கொள்ளுதல் அமையாது. ஆகலின், உரைத்தவனை மறைத்து உரையை மட்டும் எடுத்து வைப்பான் சான்று காட்டினானல்லன், சான்றினை அழித்தானேயாவன்.

இத்தெளிவு நம்மனோர்க்குப் புதிதன்று. ஆயினும் இக்காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளின் இறுதியில் அமைக்கப்படும் துணைநூற் பட்டியல்களை நோக்குவார்க்கு, அஃது அடியோடு மறக்கப்பட்டதோ என்னும் ஐயம் எழாமற் போகாது. அச்சுநூல்களைக் குறிக்குமிடத்து ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்பனவற்றை ஒழுங்குறத் தருகின்றவர்களே, இணையத்தின் வழிப் பெற்ற செய்திக்கு வந்தவுடன் அவ்வொழுங்கனைத்தையுங் கைவிட்டு, "இணையம்" என்றோ, "கூகுள்" என்றோ, "விக்கிப்பீடியா" என்றோ ஒரு சொல்லை எழுதி அமைகின்றனர். அவரினுஞ் சிறிது முயன்றார், இரண்டு வரியளவு நீண்டதொரு தள முகவரியைப் படியெடுத்து வைத்துக் கடன் தீர்ந்ததென்று கருதுகின்றனர். இவ்விரு திறத்தாருஞ் செய்வது ஒன்றே. உரைத்தவனைக் காட்டாது உரையைக் காட்டுதல். இஃது அச்சுப்பிழை போல்வதொரு சிறு குற்றமன்று, அறிவின் வாயிலையே அடைப்பதொரு பெருங்குற்றம் என்பதனை ஈண்டு நிறுவப் புகுகின்றாம்.

இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக நீலகிரி மலைநாட்டைக் கொள்வாம். பரப்பிற் சிறிதாய இம்மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களோ மிகப் பல. 1603-ஆம் ஆண்டில் மலையாளக் கரையினின்று மலையேறிச் சென்று தோடரைக் கண்ட பினிசியோ என்னும் பாதிரியாரின் குறிப்பு முதலாக, 1880-இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு, 1906-இல் ரிவர்ஸ் எழுதிய தோடர் நூல், 1908-இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்டக் கெசட்டியர், அதே ஆண்டில் பிரைஸ் எழுதிய உதகமண்டல வரலாறு, 1909-இல் தர்ஸ்டன் ரங்காச்சாரியுடன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும், 1971-இல் எமனோ வெளியிட்ட தோடர் பாடற்றிரட்டு என இவ்வரிசை நீண்டு செல்லும். நீலகிரி பற்றிய எழுத்துக்களின் பட்டியலே தனியொரு நூலாகப் பால் ஹாக்கிங்ஸ் என்பாரால் தொகுக்கப்பட்டதெனின், அதன் பெருக்கத்தை வேறு விளக்க வேண்டுவதின்று.

இவற்றுட் பழையன பல இன்று மின்படிகளாக இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. முன்னாளில் இத்தகைய நூலொன்றைக் காண வேண்டுவார், 1859-இல் உதகையில் நிறுவப்பெற்ற நீலகிரி நூலகம் போல்வதோர் இடத்திற் புகுதற்கு உரிமை பெற்றவராதல் வேண்டும். இன்றோ, குன்னூரை அடுத்ததொரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருக்கும் மாணவி, தன் கைப்பேசியிலேயே கிரிக்கின் கையேட்டைப் புரட்டலாம். இஃது அரியதொரு பேறு. இப்பேற்றைத் தந்த இணையத்தை யாம் பழிக்கின்றேமல்லேம். பேற்றினைப் பெற்றவர் அதனைப் பயன்கொள்ளும் முறையையே பழிக்கின்றாம்.

என்னை? நற்சான்றுகள் கிடக்கும் அவ்விடத்திலேயே, எழுதினார் பெயரும் எழுதிய நாளும் இல்லாத சுற்றுலாப் பக்கங்களும், விடுதி விளம்பரங்களும், ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்த குறிப்புக்களுங் கலந்து கிடக்கின்றன. நீலகிரி மலை இரயில் எப்பொழுது ஓடத் தொடங்கிற்று என்று வினாவின், ஒரு பக்கம் 1899 என்னும். மற்றொரு பக்கம் 1908 என்னும். இரண்டும் பொய்யல்ல. 1891-இல் தொடங்கிய வேலையின் பயனாக 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உதகை வரையிலும் பாதை திறக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறிவதற்கு, எவர் எப்பகுதியைக் குறித்து அவ்வாண்டினைக் கூறினார் என்பது தெரிதல் வேண்டும். "இணையம்" என்னும் ஒரு சொல் அதனைத் தெரிவிக்குமோ? தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரத்தை 2,623 மீட்டர் என்று ஒருவரும் 2,637 மீட்டர் என்று மற்றொருவரும் எழுதுகின்றனர். இருவரும் அளந்தவர் இன்னாரென்று கூறாராயின், படிப்பவன் இரண்டனுள் எதனைக் கொள்வான்? மாணவன் தான் முதலிற் கண்டதனை எழுதுவான். அவனை மேற்கோளாகக் காட்டி அடுத்தவன் எழுதுவான். இங்ஙனம் ஐயப்பாடு ஐயமின்மையாக வேடம் புனைந்து கொள்ளும்.

ஆண்டும் உயரமும் பிறழ்ந்தாற் கெடுவார் யார் என்பார்க்கு, மக்கள் வரலாறே பிறழ்வதொரு செய்தியைக் காட்டுவாம். நீலகிரியில் தேயிலை பயிரிடக் கற்றுத் தந்தவர்கள், அபினிப் போரிற் சிறைப்பட்டு நடுவட்டத்திற்கும் தாய்சோலைக்குங் கொண்டுவரப்பட்ட சீனப் போர்க்கைதிகள் என்பது இணையப் பக்கங்கள் பலவற்றினும் காணப்படுவதொரு கதை. அப்பக்கங்களிற் பெரும்பாலன இதற்குச் சான்றொன்றுங் காட்டுவனவல்ல. ஒன்றன் சொற்களை ஒன்று வாங்கிக் கொள்வனவே. இனி, தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலின் இரண்டாந் தொகுதியை எடுத்துப் பார்மின். நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவிற் குடியேறித் தமிழ்ப்பெண்டிரை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த சீனர் சிலரைத் தாம் நேரிற் கண்டதாக அவர் எழுதுகின்றார். நீலகிரிக்கு முதலில் வந்த சீனர், மலேயாக் கரையின் நீரிணைக் குடியேற்றங்களிற் போதிய சிறையிடம் இன்மையால் அனுப்பப்பட்டு நீலகிரிச் சிறையில் வைக்கப்பட்ட தண்டனைக் கைதிகள் என்பதும் அவர் கூற்று.

போர்க்கைதி வேறு, தண்டனைக் கைதி வேறு. சீனத்துப் போர்க்களம் வேறு. பினாங்கு, சிங்கப்பூர்ச் சிறைகள் வேறு. இவற்றுள் எது மெய், அன்றி இருதிறத்தாரும் வெவ்வேறு காலத்து வந்தனரோ என்பதனை ஆராய்வதே ஆராய்ச்சி. அவ்வாராய்ச்சிக்குத் தொடக்கம், இக்கூற்று இன்னாருடையது, இவ்வாண்டினது, இப்பக்கத்தது என்று அறிதலேயாம். தர்ஸ்டன் கூற்றிலும் பிழையிருக்கலாம், ஆயின் அவர் பெயர் தெரிதலால், அவர் எங்குச் சென்றார், யாரைக் கண்டார், எதனை அறிந்து எழுதினார், எதனைக் கேட்டெழுதினார் என்று அவரை வினாவலாம், அவரோடு மாறுபடலாம். பெயரில்லாப் பக்கத்தை யாங்ஙனம் வினாவுதல்? அதனோடு மாறுபடுதற்கும் அங்கோர் ஆளில்லை. வியப்பு யாதெனின், தர்ஸ்டன் நூலும் அதே இணையத்திற்றான் கிடக்கின்றது. "இணையத்திற் கண்டது" என்னுஞ் சொல் இவ்விரண்டனையும் ஒருதட்டில் வைத்து நிறுத்துவிடுகின்றது.

தேயிலைத் தோட்டத்துத் தமிழரைப் பற்றியதொரு செய்தியும் இத்தகையதே. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கையினின்று 5,25,000 மக்களை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. தாயகந் திரும்பியோர் வாழ்வுக்கெனவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. ஏற்க இசைந்த எண்ணும் உண்மையில் வந்தடைந்தோர் எண்ணும் ஒன்றல்ல. சான்றின்றிப் படியெடுப்பாரோ முன்னதனையே பின்னதாக எழுதிவிடுகின்றனர். தம் பாட்டன் பாட்டியர் வந்த வரலாற்றைத் தாமே எழுதப் புகும் தோட்டத்துப் பிள்ளைகளின் கட்டுரையில் இவ்வெண் பிழைபடுமாயின், நாளை அவர்தம் வீட்டுக்கும் நிலத்துக்கும் விண்ணப்பஞ் செய்யுங்காலத்து, எதிர்ப்பக்கத்தான் அவ்வொரு பிழையைச் சுட்டி முழு விண்ணப்பத்தையுந் தள்ளிவிட இடமாகும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் முதலாய மலைமக்களைப் பற்றிப் பிறர் எழுதியனவே மிகுதி. அவர்களைப் பற்றித் தவறாக ஒன்று எழுதப்பட்டால், அதனை எழுதினார் இன்னாரென்று அறிந்தன்றோ அவர்கள் மறுத்துரைத்தல் கூடும்? மேற்கோள் காட்டுதல் ஆராய்ச்சியாளன் தேர்வாளர்க்குச் செலுத்துங் கடன் மட்டுமன்று. தன்னாற் பேசப்படும் மக்களுக்குச் செலுத்துங் கடனுமாம்.

இனி, எதிர்வாதிகள் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

"தளத்தின் முகவரியைத் தந்துவிட்டோமே, வேண்டுவார் சென்று காண்க, இதற்குமேல் யாது வேண்டும்?" என்பது முதற்கூற்று. இது பொருந்தாது. முகவரி என்பது பொருளிருந்த இடமேயன்றிப் பொருளன்று. நீலகிரி நூலகத்தில் ஒரு நூலைப் படித்தவன், ஆசிரியரையும் நூலையுங் கூறாது, "உதகை நூலகத்தின் மூன்றாம் அலமாரியில் இரண்டாந் தட்டிற் கண்டேன்" என்று எழுதுவானாயின் நகையாடாதார் யார்? வெறும் முகவரியும் அவ்வலமாரிக் குறிப்பேயாம். அவ்வலமாரியும் நிலைத்து நிற்பதன்று. ஜியோசிட்டீஸ் என்னும் பெருந்தளத்தை 2009-ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்தார் மூடியபொழுது, எண்ணிறந்த பக்கங்கள் ஒருங்கே மறைந்தன. ஹார்வர்டு சட்டக் கல்வியாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்களிற் காட்டப்பட்ட இணைய முகவரிகளுட் பாதி, காட்டப்பட்ட செய்தியிடத்துச் சேர்க்கவில்லையென்று கண்டது. பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டு கழித்துக் கிடைத்தில என்று கூறுகின்றது. உச்ச நீதிமன்றத்தின் முகவரிகளே இங்ஙனம் அழியுமெனின், முதுகலை மாணவன் முகவரி எம்மாத்திரம்? ஆசிரியர் பெயரும், தலைப்பும், நாளுந் தந்திருந்தால், முகவரி அழிந்தபின்னும் அப்பொருளை வேறிடத்துத் தேடிக் காணலாகும். முகவரி மட்டுந் தந்தவன், தேடுதற்குரிய வழியையும் உடன்கெடுத்தான். பக்கம் அழியாது அங்கேயே நின்று, உள்ளிருக்கும் உரை மட்டும் மாறிவிடுமாயின் கேடு இன்னும் பெரிது. அழிந்தது அழிந்ததெனத் தெரியும். மாறியது மாறியதென்று தெரியாது.

"இணையச் சான்றைக் காட்டினால் ஆராய்ச்சியை இழிவாகக் கருதுவர்; ஆதலின் இணையத்திற் கண்டதனையே அச்சுநூற் பெயரால் எழுதிவிடுவோம்" என்பது இரண்டாங் கூற்று. இது முன்னதினுங் கொடிது. முன்னது சோம்பல், இது பொய். ஒரு பக்கத்தில் யாரோ ஒருவர் பிரான்சிஸ் நூலினின்று நான்கு வரியை எடுத்துக் காட்டியிருக்க, அந்நான்கு வரியை மட்டுங் கண்டவன், தான் 1908-ஆம் ஆண்டு நூலையே கண்டவன் போல அதன் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுதல், காணாததைக் கண்டேனென்று சாட்சி சொல்லுதலன்றோ? எடுத்தெழுதினவர் ஒரு சொல்லை விட்டிருந்தால் அவ்விடுகை இவனதாகும். பக்க எண்ணைத் தவறியிருந்தால் அத்தவறும் இவனதாகும். கண்டது எதுவோ அதனையே கண்டதாகக் கூறுக. பிறர் காட்டியதன் வழியாகக் கண்டிருப்பின், மூலநூல் இன்னது, யான் கண்டது இன்னார் காட்டிய வழி என்று இரண்டனையுங் கூறுக. மூலநூலே மின்படியாகக் கிடைக்குமெனின் அதனையே திறந்து காண்டல் அதனினும் நன்று.

"நம் பண்டை உரையாசிரியர்கள் 'என்ப' என்றும், 'என்றார் பிறரும்' என்றும், நூலையும் ஆசிரியரையுங் கூறாமலே மேற்கோள் காட்டவில்லையோ? அவர் செய்ததனை யாம் செய்தால் இழுக்கென்னை?" என்பது மூன்றாங் கூற்று. இதனைக் கூறுவார் கற்றவர் போலக் காணப்படுதலின் சிறிது விரித்து விடை கூறுதும். அவ்வுரையாசிரியர்கள், மேற்கோட் செய்யுளைச் சொன்னவளவில் அஃது இன்ன நூலினது என்று உணரவல்ல மாணவர்க்கு உரை செய்தார்கள். அந்நூல்கள் மாணவர் நாவிலிருந்தன. ஆதலின் பெயர் கூறுதல் மிகையாயிற்று. பின்னாள் அந்நூல்கள் வழக்கொழிந்தபொழுது நேர்ந்தது யாது? எந்நூலினவென்று அறியப்படாத மேற்கோட் செய்யுட்கள் உரைகளெங்கும் நிற்கின்றன. அவை வந்த இடங்களைத் தேடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. உரைகளில் எஞ்சிய சிலவரிகளாலன்றி வேறொருவாற்றானும் அறியப்படாத மறைந்த நூல்களைத் தொகுத்து மயிலை சீனி. வேங்கடசாமி தனியொரு நூலே எழுத வேண்டியதாயிற்று. ஆகவே பண்டையோர் வழக்கம் நமக்குத் துணையாவதன்று, எச்சரிக்கையேயாவது. மற்று, அச்சுக்காலத்திற் புகுந்த உ. வே. சாமிநாதையர் செய்ததனையுங் காண்மின். தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், ஏட்டுப்பிரதிகள் எவரிடமிருந்து எவ்வூரிலிருந்து கிடைத்தன என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். ஏடு அழியும், உடையவர் மாறுவர் என்பது அவர்க்குத் தெரியாதோ? தெரிந்தமையாலன்றோ குறித்தார்!

"எம் ஆய்வேட்டைக் கருவியிலிட்டுப் பார்த்தாயிற்று, ஒப்புமை நூற்றுக்குப் பத்தின் மேற்படவில்லை, ஆகலின் எம் மேற்கோளெல்லாஞ் செவ்விய" என்பது நான்காங் கூற்று. பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2018-ஆம் ஆண்டு விதிகளிற் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டமில்லையென்று வகுத்ததனை, மேற்கோள் நெறிக்கே அளவுகோலாகக் கொள்வார் மயக்கம் இது. அக்கருவி சொல்லுக்குச் சொல் ஒத்திருத்தலை எண்ணுமேயன்றி, மெய் பொய்யினை அறியுமாறில்லை. இல்லாத நூலை எழுதி, இல்லாத பக்கத்தைக் காட்டுவானாயின், அவன் பட்டியலில் ஒப்புமை சிறிதும் இராது. கருவி அவனை வாழ்த்தி விடுக்கும். திருடாமை ஒன்று, மெய்யுரைத்தல் மற்றொன்று. முன்னதை எண்ணாற் காட்டிப் பின்னதையும் முடித்ததாகக் கொள்ளுதல், எடைக்கல்லைக் கொண்டு பொன்னின் மாற்றைக் காண்பதனோடொக்கும்.

"இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் மேற்கோட் பட்டியலை அதுவே செய்து தரும், யாம் ஏன் வருந்த வேண்டும்?" என்பது ஐந்தாங் கூற்று. அஃது எதனைச் செய்து தருமென்பதற்கு நியூயார்க் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றமே சான்று. ஏவியாங்கா என்னும் விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கொன்றில், வழக்கறிஞர் சிலர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புக்களை ஆராயாது எடுத்துக் காட்டினர். அவற்றுள் ஆறு, எந்நீதிமன்றத்தினும் எக்காலத்தும் நடவாத வழக்குக்கள் என்பது தெரிந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். பெயரும், எண்ணும், ஆண்டும் மெய்போலவே அமைந்திருந்தன. பொருள் மட்டும் இல்லை. வடிவம் செவ்விதாயிருத்தல் சான்றுக்குப் போதாதென்பது இதனாற் பெறப்படும். பட்டியலை ஒழுங்குசெய்யக் கருவியைக் கொள்க. பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் தன் கண்ணாற் கண்டன்றி அதன்கீழ்த் தன் பெயரை எழுதற்க.

"இந்நெறிகளெல்லாம் மேனாட்டார் வகுத்தன, தமிழுக்குப் பொருந்தா" என்பது ஆறாங் கூற்று. இதன்கண் ஒரு பகுதி ஒக்கும். ஒரு பகுதி ஒவ்வாது. மேனாட்டார் குடிப்பெயரை முன்வைத்துப் பட்டியலிடுவர். நமக்கு முதலெழுத்து ஊரையும் தந்தையையும் குறிப்பது. தன் பெயரே பெயர். கருவியொன்று இஃதறியாது, பெயரின் கடைச்சொல்லைக் குடிப்பெயரெனக் கொண்டு, மறைமலை அடிகளை "அடிகள், ம." என்று எழுதிவைப்பின் அது நகைப்புக்கிடமாம். மலைமக்கள் பெயர்களை அங்ஙனம் பிளந்து புரட்டுதலும் பிழையேயாம். ஆதலால் தமிழ்ப் பெயர்களைத் தன் பெயரால் அகரவரிசைப்படுத்துதலே முறை. ஆயினும் எழுதினார் யார், எப்பொழுது, எது, எங்கு என்னும் நான்கு வினாக்கள் மேனாட்டுக்கு உரியனவோ? சாட்சியை விசாரிக்கும் எந்நாட்டாரும் இவற்றையே வினாவுவர்.

எதிர்க்கூற்றுக்கள் இங்ஙனம் ஒழிந்தமையின், இனி நம் துணிபினைக் கூறுவாம். இணையச் சான்று காட்டுவான் கூற வேண்டுவன ஐந்து.

முதலாவது, உரைத்தவர் யார் என்பது. தளத்தின் பெயர் உரைத்தவர் பெயராகாது. தர்ஸ்டன் நூலை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திற் கண்டவன், தர்ஸ்டனையும் ரங்காச்சாரியையும் ஆசிரியராகக் காட்டிப் பின் தளத்தைக் கூறுக. அரசுத்துறைப் பக்கத்திற்கு ஆள்பெயர் இல்லையெனின் அத்துறையே ஆசிரியராகும். துறையும் இல்லை, ஆளும் இல்லை எனின், தலைப்பினை முன்வைத்து எழுதுக. அவ்வளவிற் படிப்பவன் அச்சான்றின் எளிமையைத் தானே உணர்ந்துகொள்வான்.

இரண்டாவது, உரைத்த காலம். மின்படியாக ஏற்றிய ஆண்டு நூல் வெளிவந்த ஆண்டாகாது. 1908-இல் அச்சான பிரான்சிஸ் நூலுக்கு அது தளத்தில் ஏற்றப்பட்ட ஆண்டினை இட்டால், 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அவர் கூறியது இக்காலத்துக் கணக்காகத் தோன்றிவிடும். நாள் இல்லாப் பக்கத்திற்கு "நாளில்லை" என்றே எழுதுக, ஊகித்து எழுதற்க.

மூன்றாவது, உரைக்கப்பட்ட பகுதியின் தலைப்பும் இடமும். மின்படியிற் பக்க எண் உண்டெனின் அதனையும், இல்லையெனின் இயலையோ பத்தியையோ கூறுக. அசைபடமாயின் இத்தனையாவது நிமிடமென்க. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் மின்னூல்களின் முகப்பிலே, தட்டச்சு செய்தாரையும் மெய்ப்புப் பார்த்தாரையுங் குறித்து வைத்திருக்கின்றனர். அவற்றைக் காட்டுவான், மதுரைத் திட்டத்து மின்பதிப்பு என்பதனை மறையாது கூறுக.

நான்காவது, கிடைக்கும் இடம். கட்டுரைக்கு டி.ஓ.ஐ. என்னும் நிலைச்சுட்டு இருப்பின் அதனையே தருக. தளம் மாறினும் அச்சுட்டுத் திருத்தப்பட்டுப் பொருளிடத்துச் சேர்க்குமாறு அமைந்தது அது. இல்லையெனின் தளத்தின் முகப்பை விடுத்து, அப்பக்கத்திற்கே நேராகச் செல்லும் முகவரியைத் தருக. சுருக்கிய முகவரியைத் தரற்க. சுருக்கித் தந்தவர் தொழிலை நிறுத்தின் அது செல்லாக் காசாகும்.

ஐந்தாவது, கண்ட நாள். இதனை எங்கும் எழுத வேண்டுவதின்று. அமெரிக்க உளவியற் சங்கத்தார் 2019-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பு நடைநூலும், மாறிக்கொண்டேயிருத்தற்கு அமைந்த பக்கங்களுக்கே கண்டநாள் வேண்டுமென்று வரையறுத்தது. அச்சுநூலின் மின்படி மாறுவதன்று; அதற்குக் கண்டநாள் மிகை. விக்கிப்பீடியா போல்வன நாளும் மாறுவன. அவற்றிற்கு அன்றைய வடிவையே காட்டும் நிலையான இணைப்பு அப்பக்கத்திலேயே கிடைக்கும். ஏனையவற்றை 1996-இல் நிறுவப்பெற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திற் கண்டவன்றே படியெடுத்து வைத்து, அப்படியின் முகவரியையுஞ் சேர்த்துத் தரலாம். இதற்குச் செல்லுங் காலம் ஓரிரு நிமிடமே, பொருட்செலவு சிறிதுமில்லை.

இவ்வைந்தனையும் மாணவன் அறியானாயின் குற்றம் அவனுடையது மட்டுமன்று. பட்டியலை எண்ணிப் பார்த்து, திறந்து பாராது கையொப்பமிடும் வழிகாட்டியும், புறத்தேர்வாளரும் அக்குற்றத்திற் பங்குடையர். 2009-ஆம் ஆண்டு முதல் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவிற் பொதுவில் வைக்கப்படல் வேண்டுமென்று மானியக் குழு விதித்தமையின், அவை சோத்கங்கா என்னும் களஞ்சியத்திற் சென்று சேர்கின்றன. நேற்றுப் பெயரில்லாப் பக்கத்தினின்று எடுத்த கதை, இன்று ஆய்வேட்டிற் புகுந்து, நாளை அவ்வாய்வேட்டின் பெயரால் அதே பக்கத்திற்குச் சான்றாகத் திரும்பி வரும். பொய் தன் வாலைத் தானே பற்றி வட்டமிட்டு நிற்கும் அந்நிலையில், அதன் தொடக்கத்தைக் காண்பார் இல்லை. இதனைத் தடுத்தற்குப் பெருங்கருவி ஒன்றும் வேண்டா. வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளர், பட்டியலில் எவையேனும் மூன்றனைச் சுட்டி, "இவற்றை இப்பொழுதே திறந்து காட்டுக, நீ எழுதியது இதன்கண் எங்குளது?" என்று வினாவுவாராக. மூன்றனுள் ஒன்றேனும் காட்டப்படாதாயின் பட்டம் ஒரு மாதம் தாழ்க்கப்படுவதாக. இவ்வொரு வழக்கம் நிலைபெறின், அடுத்த ஆண்டு வரும் பட்டியல்கள் சொல்லாமலே திருந்தும்.

இது பெருஞ்சுமையென்று கூறுவாருளர். பினிசியோ பாதிரியார் மலையேறிய காலத்தில் வழியில்லை. காடும் குளிரும் அட்டையும் இருந்தன. அவர் தாம் கண்டதனை இன்ன ஆண்டில், இன்னவிடத்துக் கண்டேனென்று எழுதினார். ரிவர்ஸ் தோடர் மந்துகளிற் சென்று கேட்டறிந்த செய்திகளைத் தமக்குரைத்த தோடர்களின் பெயர்களைத் தம் நூலிற் குறித்தார். அவர்கள் கூறியன அனைத்தும் மெய்யென்று யாம் கூறேம். அவர்தம் கூற்றுக்களிற் பிழை கண்டு திருத்தினார் பின்னர்ப் பலர். திருத்த முடிந்தது, கூறினார் இன்னாரென்று தெரிந்தமையால். இருந்த இடத்திலிருந்து விரலசைத்துப் படிக்கும் நமக்கு ஐந்து செய்திகளை எழுதுதல் சுமையாமோ?

ஆதலால், ஆராய்ச்சி செய்யும் இளைஞர்காள், உங்கள் பட்டியலில் "இணையம்" என்று ஒருசொல் எழுதப் புகுமுன் ஒருமுறை நின்று, அதனை உரைத்தவர் பெயர் தெரியுமோ என்று நும்மையே வினாவிக் கொண்மின். தெரியுமெனின் எழுதுமின், தெரியாதெனின் தேடுமின், தேடியும் கிடைத்திலதெனின், அச்செய்தியை நும் கட்டுரையினின்று நீக்கிவிடுமின். ஆசிரியர்காள், நீங்கள் திறந்து பாராத பட்டியலிற் கையொப்பமிடாதொழிமின்.